சூட்டு உடம்பு

போன மாதம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பச்சிளம் குழந்தைகள் வார்டில் 'கங்காரு அறை' என்று ஒன்று திறக்கிறார்களாம். பழைய ஆள் என்ற முறையில் நான் வந்து குத்துவிளக்கில் ஒரு திரியாவது ஏற்ற வேண்டுமாம். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை? இருக்கிறதில் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறிப் புத்தூருக்குப் போனேன்.

அறை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சுவரில் ஆளுயரக் கங்காரு, பையில் குட்டி, இரண்டும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தன. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் உபயதாரர் பெயர். ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினார்கள், கங்காருவோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். குழந்தையை வெற்று நெஞ்சில் வைத்து உட்காருவதற்கான அறை அது. அந்த அறையில் ஏசியை எவ்வளவு குளிராக வைத்திருந்தார்கள் என்றால், நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அழுக்காயிடும் மேடம். அடுத்த வாரம் ஆய்வுக்கு வராங்க, அது முடிஞ்சதும் பிரிச்சிடுவோம்" என்றாள் அந்தப் பெண்.

கிளம்பும்போது, ஆண்டு மலருக்கு ஓர் அனுபவக் கட்டுரை வேண்டும் என்றாள். கங்காரு முறை பற்றி, இனிமையாக, இரண்டு பக்கத்துக்குள். இனிமை வேண்டுமென்றால் மிட்டாய்க் கடைக்குப் போக வேண்டியதுதானே? குழந்தை வார்டில் ஆயுசைக் கழித்தவளிடம் கேட்டால் என்ன கிடைக்குமோ அதைத்தான் தருவேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் லால்குடிக்காரி. அங்கிருந்து தினமும் ரயிலேறி வந்து நர்சிங் படித்தேன். அந்தப் படிப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மனப்பாடம் செய்தோம், கொட்டினோம், தொப்பி வைத்துக்கொண்டோம். சூடு மூன்று வகையாகப் பரவும் என்று எழுதி மார்க்கும் வாங்கினேன். அதில் முதலாவது, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தாலே சூடு கடத்தப்படும் என்பது. இரும்புக் கம்பியின் ஒரு முனையை நெருப்பில் வைத்தால் மறுமுனை சுடும் என்று உதாரணம் எழுதச் சொன்னார்கள். எழுதினோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் பிறப்பதில்லை என்பது அவர்களுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று குழந்தை வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஸ்டெல்லா சிஸ்டர். பாலக்கரைக்காரர். கன்னியாஸ்திரீ இல்லை, நர்ஸ்கள் எல்லோரையும் அழைக்கிற சிஸ்டர்தான். ஒல்லியான உருவம், வாரி இழுத்துப் போட்ட கொண்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து, நமக்கு மட்டும் கேட்கிற மாதிரி, பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒற்றைப் பேரிலேயே என்ன தப்பு செய்தேன் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

சேர்ந்த அன்றைக்கே என்னைக் குழந்தைகளை எடை போடும் மெஷினிடம் கூட்டிப் போனார். அதன் மேல் பளபளவென்று ஒரு ஸ்டீல் தட்டு.

"சகுந்தலா, இந்தக் கையைத் தட்டுல வை. அந்தக் கையை மடிச்ச துண்டுல வை. எது ஜில்லுனு இருக்கு?"

"தட்டுதான் சிஸ்டர்."

"ரெண்டும் ராத்திரியெல்லாம் ஒரே ரூம்லதான் கிடந்திருக்கு. ரெண்டுக்கும் ஒரே அளவு சூடுதான். தட்டு உன் கைச் சூட்டை வேகமா எடுக்குது, துண்டு மெதுவா எடுக்குது. உனக்கு அது ஜில்லுன்னு ஒரு சுகம். ஒரு கிலோ குழந்தைக்குப் போனது போனதுதான். துண்டு போடாம யாரையும் அதுல படுக்க வைக்காத."

அவ்வளவுதான் பாடம். ஆனால் அதன் பிறகு வார்டில் எதைப் பார்த்தாலும் எனக்கு அது குழந்தையிடமிருந்து எதைப் பிடுங்கும் என்றுதான் தோன்றியது. ஸ்டெல்லா சிஸ்டர் காலையில் வந்ததும் மேஜை, தட்டு, மெத்தை, எக்ஸ்ரே தகடு எல்லாவற்றையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவார். எக்ஸ்ரே எடுக்க வருகிறவர் தகட்டை அப்படியே குழந்தையின் முதுகுக்கு அடியில் செருகுவார், ஏதோ தோசைக்கு அடியில் கரண்டி விடுவதுபோல. சிஸ்டர் அதைப் பிடுங்கி, வெதுவெதுப்பான துணியில் சுற்றிக் கொடுப்பார். ஸ்டெதாஸ்கோப்பை டாக்டர் கழுத்திலிருந்து எடுக்கும்போதே, அதன் முனையைத் தன் உள்ளங்கையில் வாங்கி மூடிக்கொள்வார். பிறகுதான் குழந்தையிடம் விடுவார். ஈரத் துணியை மாற்றாமல் ஒருத்தி பேசிக்கொண்டு நின்றால் அவள் பேர் கூப்பிடப்படும்.

வெளியே இருந்து வருகிற சனங்களுக்கு இதெல்லாம் ஒரு வேடிக்கை. கத்திரி வெயிலில், தார் ரோடு உருகிச் செருப்பில் ஒட்டுகிற ஊரில், உள்ளே குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும் போட்டு வைத்திருக்கிறோமே என்று சிரிப்பார்கள். "திருச்சி வெயில்ல குழந்தைக்குக் குளிருதாம்மா?" என்று எத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவரவர் உடம்பில் அறுபது, எழுபது கிலோ சதை, கொழுப்பு. கையளவு குழந்தைக்குத் தோலே இன்னும் முழுசாக வரவில்லை. அவர்களுக்கு வியர்த்தால் உலகத்துக்கே வியர்க்கிறது என்று நினைப்பு.

இன்னொரு கூட்டம் உண்டு, அது நேர் எதிர். ஒரு நகைக்கடை முதலாளி தன் பேரனுக்காக வெளிநாட்டு வெந்நீர்ப் பை ஒன்றை டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். எங்களிடம் கேட்கவில்லை. பெரிய இடம் என்று டியூட்டி டாக்டரும் பல்லை இளித்துக்கொண்டு விட்டுவிட்டார். சாயங்காலம் பார்த்தால் பிள்ளையின் குதிகாலில் கொப்புளம். முதலாளி எங்கள் மேல் பாய்ந்தார். ஸ்டெல்லா சிஸ்டர் பையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"பிடிச்சிப் பாருங்க. இது உங்க பேரனைவிடச் சூடு. இதுக்கு நிறுத்தத் தெரியாதுங்க. தண்ணி சுடுற வரைக்கும் தள்ளிக்கிட்டேதான் இருக்கும்."

அவர் பையைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை மாற்றிக்கொண்டார்.

இப்போது வார்டில் எல்லாம் திரைதான். குழந்தையின் வயிற்றில் ஒரு வயரை ஒட்டிவிட்டு, திரையில் முப்பத்தேழு என்று வந்தால் நர்ஸ் பெண்கள் நிம்மதியாகப் போனை நோண்டுகிறார்கள். அந்த வயர் கழன்று மெத்தையில் கிடந்தாலும் அது முப்பத்தேழுதான் சொல்லும், மெஷின் சூடாக்கிய மெத்தையின் சூடு அது. எதைத் தொடுகிறதோ அதன் சூட்டைத்தானே கருவி சொல்லும்? குழந்தை பக்கத்திலேயே நீலம் பாரித்துக் கிடக்கும், திரையில் பச்சை எழுத்து ஜொலிக்கும். கையை வைத்துப் பாருங்கள் என்றால், கிருமி ஒட்டுமாம். கழுவிவிட்டுத் தொடுங்களேன், யார் வேண்டாமென்றது?

சரி, கங்காரு முறைக்கு வருகிறேன். அதற்குத்தானே கேட்டார்கள்.

வைகாசி முகூர்த்தங்கள் நெருக்கியடித்து வந்த சமயம். தேவி என்று ஒரு பெண். ஜீயபுரத்தில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிரஷர் ஏறி வலிப்பு வந்து கொண்டுவந்தார்கள். மாசம் நிரம்பவில்லை. ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். தாய் நினைவில்லாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். குழந்தை எங்களிடம் வந்தது. தானாக மூச்சுவிட்டது, அதுவே பெரிய புண்ணியம். ஆனால் மாடியிலிருந்து கீழே கொண்டுவருவதற்குள் சூடு இறங்கிப்போயிருந்தது.

குழந்தையைச் சூடாக வைக்க எங்களிடம் இருந்த வார்மர் மெஷின்களில் இரண்டில் மூச்சுத் திணறுகிற குழந்தைகள். இன்னொன்றின் கம்பிச்சுருள் எரிந்து, அதைச் சரிசெய்ய மெட்ராஸிலிருந்து ஆள் வருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மாலதி டாக்டர் வந்து பார்த்தார். வயதில் சின்னவர், கெட்டிக்காரர், பாசாங்கு கிடையாது.

"மூச்சு நல்லா இருக்கு. மெஷினே வேணாம் சிஸ்டர். நெஞ்சோட நெஞ்சா, தோலோட தோலா வெச்சாலே போதும். உடனே வைக்கணும். அம்மாவால முடியாது. வேற யாரு இருக்காங்க?"

இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி குழந்தையின் அத்தை கோமதி, அப்பாவின் அக்கா. அவளுக்கோ விடாத இருமல், காய்ச்சல் வேறு. கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டோம். நர்ஸ்களில் ஒருத்தி உட்காரலாம் என்றால் மற்றக் குழந்தைகளை யார் பார்ப்பது? மிச்சம் அப்பா ரங்கராஜ். கல்யாண மண்டபங்களில் சமையல் வேலை. பந்தி நடக்கும்போதே ஓடி வந்திருக்கிறார். வேட்டியில் மஞ்சள் கறை, சட்டையெல்லாம் சாம்பார் வாசனை. உள்ளே அழைத்து, கைகால் கழுவி, நெஞ்சைத் துடைத்துக்கொண்டு வரச் சொன்னேன். கழுவிவிட்டு வந்தார். சட்டையை மட்டும் கழற்றவில்லை.

"சட்டையைக் கழட்டிட்டு இந்தச் சேர்ல சாய்ஞ்சு உட்காருங்க" என்றேன்.

"வேணாம் சிஸ்டர்."

மேல்பொத்தானைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு எரிச்சல் வந்தது. அடுப்படியில் இடுப்பில் ஒரு துண்டோடு, மேலுக்கு ஒன்றுமில்லாமல் ஊருக்கே சமைத்துப் போடுகிறவர், இங்கே வந்து புதுப்பெண் மாதிரி கோணுகிறாரே என்று.

"நாங்க தினம் பாக்குறதுதான். உங்க தொப்பை மேல யாரும் கண்ணு வைக்க மாட்டோம். கழட்டுங்க."

"வெட்கமில்ல சிஸ்டர்." அவர் குழந்தை இருந்த பக்கமே திரும்பவில்லை. "எனக்குச் சூட்டு உடம்பு. பொழுதன்னைக்கும் அடுப்பு முன்னாடி நிக்கிறவன். கண்ணு எரியும், ஒண்ணுக்குப் போனா கடுக்கும். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாலும் இறங்காது. அந்தச் சூடு குழந்தைக்கு ஏறிடுச்சுன்னா அது தாங்காது."

இந்த ஊரில் இந்தச் சூடு இருக்கிறதே, அதைப் போல ஒரு சௌகரியம் கிடையாது. கட்டி வந்தால் சூடு, கண் சிவந்தால் சூடு, முடி கொட்டினால் சூடு. மாம்பழம் சூடு, கோழிக்கறி சூடு, இளநீர் குளிர்ச்சி. பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டால்கூட மண்டைச் சூடு என்பார்கள். அந்தச் சூட்டைக் காட்டுகிற தெர்மாமீட்டரை இன்னும் எவனும் செய்யவில்லை. ஆனால் அதற்குப் பயந்து ஒரு மனுஷன் தன் பிள்ளையைத் தொட மாட்டேன் என்று நிற்கிறான். அந்தப் பிள்ளையோ முப்பத்தைந்து டிகிரிக்கும் கீழே போய், பாதம் கறுத்து, அழுகையை நிறுத்திவிட்டது. சுற்றிலும் இருக்கிறவர்கள் அதைச் சமத்துக் குழந்தை என்பார்கள். சூடு இறங்கிய குழந்தைக்கு அழவும் தெம்பு இருக்காது.

நான் வாயைத் திறப்பதற்குள் கதவுக்கு வெளியே கோமதி கண்ணாடியைத் தட்டினாள்.

"அவன்கிட்ட குடுக்காதீங்கம்மா. ஏற்கெனவே ஒண்ணை இப்படித்தான் பறிகொடுத்தோம்."

ரங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டார். நான் போய்க் கதவுத் திரையை இழுத்துவிட்டேன். நாள் முழுக்கச் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

ஸ்டெல்லா சிஸ்டர் அதற்குள் குழந்தையைத் தூக்கித் தன் யூனிபாரத்துக்குள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மற்றக் குழந்தைகளை மாலதி டாக்டரும் நானும் பார்த்துக்கொண்டோம். அது எவ்வளவு நேரம் ஓடும்? சிஸ்டர் நின்றபடியே ரங்கராஜிடம் கேட்டார்.

"அந்த முதல் குழந்தைக்கு என்னங்க ஆச்சு?"

"பையன் சிஸ்டர். அவனும் மாசம் நிரம்பாமத்தான் பொறந்தான். வேற ஒரு இடத்துல. மண்டபத்துலேருந்து நேரா ஓடினேன். கையில குடுத்தாங்க. நெஞ்சோட வெச்சுக்கிட்டேன்." அவர் கை தன்னையறியாமல் நெஞ்சில் போய் நின்றது. "அக்கா வந்து தொட்டுப் பாத்தாங்க. அடுப்படியிலேருந்து அனலா வந்து தூக்கியிருக்கியே, பிஞ்சு உடம்பு வெந்துடும்டான்னு வாங்கிட்டாங்க. சூடு இறங்கட்டும்னு துணியெல்லாம் எடுத்துட்டு, ரெக்சின் மெத்தையில, ஃபேனுக்கு நேரா படுக்க வெச்சாங்க. மறுநாள் இல்ல."

"படுக்க வெச்சப்புறம் தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தோம். ஜில்லுனு இருந்துச்சு. சூடு தணிஞ்சிடுச்சுன்னு சந்தோஷப்பட்டோம். ஆனா ஏறின சூடு உள்ளேயே இருந்திருக்கு."

எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. என் வாய் அப்படி. கண்ணாடிக் கதவைத் திறந்து அந்தக் கோமதியின் தலைமுடியைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போல் இருந்தது. ஸ்டெல்லா சிஸ்டர் குழந்தையை அணைத்தபடியே நகர்ந்து வந்து, பார்க்காததுபோல் என் காலை மிதித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சகுந்தலா, தெர்மாமீட்டரை அவர் அக்குள்ல வை" என்றார்.

வைத்தேன். முப்பத்தேழுக்குக் கொஞ்சம் கீழே. அடுத்து எனக்குப் பார்க்கச் சொன்னார், அப்புறம் தனக்கு. மூவருக்கும் கிட்டத்தட்ட அதேதான். அவருக்கே படித்துக் காட்டினேன்.

"இது வெளிச் சூடு சிஸ்டர்" என்றார் ரங்கராஜ். "எனக்கு உள்சூடு."

விடமாட்டேன் என்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிஸ்டர் முகத்தில் ஒன்றுமில்லை.

"பால் காய்ச்சின குண்டானைச் சீக்கிரம் ஆத்தணும்னா என்ன பண்ணுவீங்க?"

"தண்ணித் தொட்டிக்குள்ள இறக்கி வெப்போம்."

"வெச்சா?"

"பால் ஆறும். தொட்டித் தண்ணி சுடும்."

"தண்ணி பாலைவிட அதிகமாச் சுடுமா?"

அவர் சிஸ்டரைப் பார்த்த பார்வையில், சமையல் தெரியாத பொம்பளை என்கிற எண்ணம் அப்பட்டமாகத் தெரிந்தது. "அது எப்படிங்க சுடும்? ரெண்டும் ஒரே பதத்துக்கு வந்ததும் நின்னுடும்."

"ஒரு மணி நேரம் உள்ளேயே விட்டாலும்?"

"ஒரு நாள் விட்டாலும் அவ்வளவுதான்."

"உங்க நெஞ்சு முப்பத்தேழு. இது இப்போ முப்பத்தஞ்சு. உங்க மேல படுத்தா இது ஏறும். உங்க பதத்துக்கு வந்ததும் நின்னுடும். உங்களைத் தாண்டி ஒரு புள்ளிகூட உங்களால இதைச் சுட வைக்க முடியாது. வெந்நீர்ப் பையால முடியும், மெஷினால முடியும். உங்களால முடியாது."

அவர் கை மறுபடி மேல்பொத்தானுக்குப் போனது. புரியாமல் இல்லை, புரிந்தது நன்றாகத் தெரிந்தது. புரிந்தால் மட்டும் கை வந்துவிடுமா?

"பயமா இருக்கு சிஸ்டர்."

"பயந்துகிட்டே உட்காருங்க. சட்டையைக் கழட்டுங்க."

கழற்றினார். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தோம். செய்முறையை இந்தக் காலத்துப் பெண்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், சுவரில் கங்காரு வரைந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கும் சேர்த்து. குழந்தைக்கு இடுப்பில் உலர்ந்த அணையாடை, குல்லா, காலுறை. வேறு துணி கூடாது. நெஞ்சின் நடுவில் நிமிர்த்தி வைக்க வேண்டும். தவளை மாதிரி கையும் காலும் மடிந்து, வயிறு அவர் மேல் முழுக்கப் படிந்திருக்க வேண்டும். இடையில் காற்றுப் புகுந்தால் பாதிப் பலன் போயிற்று. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, தாடை மார்பில் அமுங்காமல், மூச்சுப் போக வழிவிட வேண்டும். பிறகு அகலமான துணியால் குழந்தையையும் ஆளையும் சேர்த்துச் சுற்றி, மேலே ஒரு போர்வை. ஃபேனை நிறுத்த வேண்டும். உட்காருகிறவருக்கு வேர்த்துக் கொட்டும், கொட்டட்டும்.

குழந்தையின் வயிறு நெஞ்சில் பட்டதும் ரங்கராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐஸ் மாதிரி இருக்கு சிஸ்டர்."

"அதான் கூப்பிட்டோம்" என்றேன் நான். அதைக்கூடச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்திருக்கும்.

அவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, சிலை போல் இருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை நான் போய்ச் சூடு பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் அவர் கண் என் முகத்தில்தான். ஏறியிருக்கிறது என்றால் மகிழ்ச்சி வர வேண்டுமா இல்லையா? அவருக்குப் பயம்தான் கூடியது. எவ்வளவு, எவ்வளவு என்று கேட்டார். முப்பத்தைந்தரை. முப்பத்தாறு. ஒவ்வொரு தடவையும் அவர் தோள் இன்னும் விறைத்தது. பிள்ளை வேகப்போகிறது, தான் வேகவைத்துக்கொண்டிருக்கிறோம் என்றே அந்த மனுஷன் நினைத்தார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அதற்குமுன் அவரை நான் எவ்வளவு ஏளனமாகப் பார்த்திருந்தாலும், இதைச் சொல்லத்தான் வேண்டும்.

மத்தியானம் முப்பத்தாறே முக்காலைத் தாண்டி வந்தது. அடுத்த தடவை பார்த்தேன், அதேதான். அதற்கடுத்த தடவையும் அதேதான். பாதம் சிவந்து, குழந்தை முதன்முதலாகச் சிணுங்கியது.

"நின்னுடுச்சா?" என்றார்.

"நின்னுடுச்சு" என்றேன்.

அந்தக் குழந்தை பிழைத்தது. அவளம்மாவும் கண் திறந்தாள். ஒரு மாதம் கழித்து மூவரும் ஒரே ஆட்டோவில் ஸ்ரீரங்கம் போனார்கள். மலருக்கு வேண்டிய இனிமை அவ்வளவுதான், வேண்டுமானால் இத்தோடு வெட்டிக்கொள்ளலாம். எனக்கு அன்று மத்தியானம் நடந்த மிச்சத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

நின்றுவிட்டது என்று நான் சொன்னதும் அவர் தோள் தளர்ந்தது. முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. அது கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு மேலே கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா சிஸ்டர் போர்வையைச் சரிசெய்ய வந்தபோது ரங்கராஜ் மெதுவாகக் கேட்டார்.

"என்னைத் தாண்டிச் சுடாதுன்னீங்களே சிஸ்டர்."

"ஆமா."

"அப்போ பையனையும் நான் சுட்டிருக்க முடியாது."

"முடியாதுங்க. உங்களால அவன் போகலை."

இத்தனை வருஷமாகத் தூக்கிச் சுமந்த பாரத்தை இறக்கிவைக்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். மடச்சி. அவர் அடுப்படிக்காரர். எது எதிலிருந்து சூட்டை எடுக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அந்த ரெக்சின் மெத்தை சிஸ்டர்" என்றார். "நான் அக்காகிட்ட குடுக்காம, நெஞ்சோடயே வெச்சிருந்தா இருந்திருப்பானா?"

எனக்குப் பதில் தெரியும். ஸ்டெல்லா சிஸ்டருக்கும் தெரியும். வார்டில் எந்தக் கேள்விக்கும் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிப் பழகியவர் அவர். போர்வையின் நுனியைப் பிடித்தபடி நின்றார்.

"தெரியாதுங்க" என்றார்.

ரங்கராஜ் சிஸ்டரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எதற்கும் ஏதாவது சொல்லிவிடுகிற என் பாழும் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். நாற்காலியைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் எடுத்து, அடுப்புக் காய்ப்பு காய்த்த அந்தப் பெரிய உள்ளங்கைகளை விரித்து, குழந்தையின் முதுகில் வைத்து மூடினார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை, துடைக்கக் கை ஒழியவில்லை.

பால் கொடுக்கும் நேரம் வந்தது. மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டும். அளந்த பாலோடு நான் பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன்.

"குழந்தையைக் குடுங்க. கட்டில்ல படுக்க வெச்சு ரெண்டு நிமிஷத்துல பாலைக் குடுத்துட்டுத் திருப்பித் தரேன்."

"இப்படியே குடுங்க சிஸ்டர்" என்றார் ரங்கராஜ். "நான் கீழ வைக்க மாட்டேன்."